சுரையா: ஒரு பெயரின் பொருளும் வழியும்

பெயர் என்பது ஒருவர் தாமே இயற்றாத, ஆயினும் வாழ்நாள் முழுவதும் தம்மோடு சுமந்து செல்லும் மிகச் சிறிய ஓர் இலக்கிய ஆக்கமாகும். அதனைத் தேர்ந்தோர் உளர், அதற்கு மரபு உண்டு, ஓசை உண்டு, பொருள் உண்டு, அதனை நாள்தோறும் வாசிப்போரும் உளர். இருந்தும் கவிதைக்கும் சிறுகதைக்கும் கிடைக்கும் திறனாய்வுக் கவனம் பெயருக்குக் கிடைப்பதில்லை. பெயரின் பொருளை உரைக்கும் பணி பெரும்பாலும் சிறு கையேடுகளிடமே விடப்பட்டுள்ளது. அக்கையேடுகளின் முறை எவ்வாறு அமைகின்றது, அது எதனைத் தருகின்றது, எதனை இழக்கச் செய்கின்றது என்பவற்றை ஒரே ஒரு பெயரை முன்வைத்து ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அம்பாறை மாவட்டத்தின் கரையோரத்தில், மருதமுனை தொடங்கிக் கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று எனப் பொத்துவில் வரை முஸ்லிம் ஊர்கள் தொடர்ந்து அமைந்துள்ளன. இடையிடையே காரைதீவு முதலிய தமிழ் ஊர்களும் உள்ளன. 1961 ஆம் ஆண்டு அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிக்கப்படும் வரை இப்பகுதி மட்டக்களப்போடு சேர்ந்திருந்தது. இவ்வூர்களின் முஸ்லிம்களுக்குத் தமிழே தாய்மொழி. பெயர்களோ பெரும்பாலும் அறபு. ஆகவே பெயருக்குப் பொருள் காண விழையும் பெற்றோர் தம் தாய்மொழிக்கு அப்பால் செல்ல வேண்டியவராகின்றனர். அவர்களுக்கு உதவவே பெயர்க் கையேடுகள் எழுந்தன. ஒருபுறம் பெயர், மறுபுறம் ஒரு சொல்லில் பொருள் என்பதே அவற்றின் பொது அமைப்பு. நஜ்மா என்றால் நட்சத்திரம். பர்வீன் என்றால் நட்சத்திரம். சுரையா என்றாலும் நட்சத்திரம். மூன்று வெவ்வேறு பெயர்கள் ஒரே சொல்லில் முடிந்துவிடுகின்றன. இவ்வாறு முடிவது சுருக்கம் அன்று, குறைப்பாகும்.

முதலாவதாக, சுரையா என்பது பொதுப்பட ஒரு நட்சத்திரத்தைக் குறிப்பதன்று. இடப இராசியில் நெருங்கித் தோன்றும் ஒரு விண்மீன் கூட்டத்தின் சிறப்புப் பெயர் அது. தமிழர் அதனைக் கார்த்திகை என்பர். வெறுங்கண்ணுக்குப் பொதுவாக ஆறு மீன்களாகத் தோன்றும் அக்கூட்டத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விண்மீன்கள் உள்ளன என்றும், அது ஏறத்தாழ 440 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளதென்றும் வானியலார் கணித்துள்ளனர். தனித்து ஒளிரும் ஒன்றுக்கும், சேர்ந்து ஒளிரும் பலவற்றுக்கும் உள்ள வேறுபாடு சிறிதன்று. நஜ்மா தனி மீன், சுரையா கூட்டம். இவ்வேறுபாட்டை அழித்துவிட்டுப் பெயரின் பொருளை உரைப்பது, முல்லையையும் தாமரையையும் 'பூ' என்று மட்டும் கூறி அமைவதை ஒக்கும்.

இனி அச்சொல்லின் பிறப்பை நோக்கலாம். அறபு மூலத்தில் அதன் முதலெழுத்து நாநுனி பல்லைத் தொட்டு எழும் ஒலியாகும். 'துரையா' என்பதற்கும் 'சுரையா' என்பதற்கும் இடைப்பட்டது எனலாம். செல்வம், மிகுதி என்னும் கருத்துடைய வேரிலிருந்து பிறந்த பெண்பாற் சொல்லொன்றின் குறுமை வடிவம் அது. 'சிறு செல்வி', 'சின்னஞ்சிறு வளத்தாள்' என அதனைப் பெயர்த்துரைக்கலாம். இப்பெயர் வந்தமைக்கு அறபு அகராதியாசிரியர்கள் இரு காரணம் காட்டுவர். சிறு இடத்தில் பல மீன்கள் செறிந்திருத்தல் ஒன்று. அக்கூட்டத்தோடு தொடர்புபடுத்தப்பட்ட மழை நிலத்துக்கு வளந்தருதல் மற்றொன்று. பண்டை அறபியர் குறித்த விண்மீன்கள் விடியற்பொழுதில் மேற்கே மறைவதைக் கொண்டு பருவங்களைக் கணித்தனர். கார்த்திகைக் கூட்டம் அவ்வாறு மறையும் காலம் பாலைநிலத்தில் முதல் மழையை எதிர்நோக்கும் காலமாகும். அந்நாட்டினர்க்கு அது எத்துணை முதன்மையானது என்பதை, 'விண்மீன்' என்னும் பொதுச்சொல்லாகிய 'அந்நஜ்ம்' என்பதையே அவர்கள் அக்கூட்டத்துக்குச் சிறப்புப் பெயராகவும் வழங்கியமை உணர்த்தும். அல்குர்ஆனின் 53 ஆம் அத்தியாயமாகிய 'அந்நஜ்ம்' மறையும் விண்மீனின் மீது ஆணையிட்டுத் தொடங்குகின்றது. அங்கே சுட்டப்படுவது இக்கூட்டமே என முஜாஹித் முதலான தொடக்ககால விரிவுரையாளர் சிலர் கருத்துரைத்துள்ளனர்.

இஸ்லாம் தோன்றிய பின்னர் இப்பெயருக்கு நேர்ந்த மாற்றம் திறனாய்வாளர் ஊன்றி நோக்கத்தக்கது. இன்ன விண்மீனால் மழை பெற்றோம் என்னும் நம்பிக்கையை நபிகள் நாயகம் கண்டித்தமை ஹதீஸ் நூல்களில் பதிவாகியுள்ளது. மழை தருபவன் இறைவன், மீன் அன்று. நம்பிக்கை நீக்கப்பட்டது, பெயர் நீக்கப்படவில்லை. மாறாக, எட்டுதற்கரிய உயரத்துக்குச் சான்றாக அதே சுரையா மற்றொரு நபிமொழியில் இடம்பெறுகின்றது. ஈமான் அத்துணைத் தொலைவிலிருந்தாலும் அதனை அடையும் மனிதர் உளர் என ஸல்மான் பாரிஸீயைச் சுட்டிக் கூறப்பட்டதாக வரும் செய்தி அது. மழைக்குத் தெய்வத்தன்மை கொண்ட காரணமாகக் கருதப்பட்ட ஒன்று, உயர்வுக்கும் தொலைவுக்கும் உரிய உவமையாக மாறியது. ஒரு பண்பாடு தான் ஏற்காத நம்பிக்கையின் சொல்லை அழிக்காது, அதன் உள்ளீட்டை மாற்றி ஏற்றுக்கொள்ளும் முறைக்கு இது தக்க எடுத்துக்காட்டாகும்.

அறபுக் கவிதையிலும் இக்கூட்டம் நெடுங்காலம் வாழ்ந்தது. இஸ்லாத்துக்கு முற்பட்ட இம்ருல் கைஸின் நெடும்பாட்டில் அது மணிகள் கோத்த அணிகலனாக உருவகம் பெறுகின்றது. உமையா காலத்துக் கவிஞர் உமர் இப்னு அபீ றபீஆ பாடிய பெண்களுள் ஒருத்தியின் பெயர் சுரையா. அவளை மணந்தவர் பெயர் சுஹைல். சுஹைல் என்பதும் விண்மீன் பெயரே. ஒன்று வடவானத்து மீன், மற்றது தென்வானத்து மீன். இவ்விரண்டும் எங்ஙனம் கூடும் என்னும் கருத்தமைய அக்கவிஞர் பாடியமை அறபிலக்கியத்தில் புகழ்பெற்றது. பெயரின் பொருளை அறிந்த வாசகர் இல்லாவிடின் அக்கவிதையின் நயம் இல்லை. பிற்காலத்தில் பல சுடர்களைக் கொண்ட கொத்துவிளக்கும் அறபில் இதே பெயரைப் பெற்றது. மழை, வளம், உயரம், அணி, விளக்கு என ஐந்து நிலைகளில் விரிந்த ஒரு சொல்லையே கையேடு 'நட்சத்திரம்' என்னும் ஒன்றில் அடைக்கின்றது.

அறபிலிருந்து வெளியேறிய சொல் பாரசீகத்தை அடைந்தபோது அதன் முதலொலி சகரமாயிற்று. பாரசீகர் மூலவொலியைச் சகரமாகவே ஒலிப்பர். உருது மொழியும் துருக்கியும் அவ்வழியையே பின்பற்றின. ஆகவே 'உத்மான்' துருக்கியில் 'ஒஸ்மான்' ஆயினமை போல இப்பெயரும் அங்கே 'ஸுரெய்யா' ஆயிற்று. அதே வேளை பாரசீகத்துக்கு இக்கூட்டத்தைக் குறிக்கத் தனக்கே உரிய சொல் ஒன்று இருந்தது. அதுவே பர்வீன். 1907 முதல் 1941 வரை வாழ்ந்த ஈரானியப் பெண் கவிஞர் பர்வீன் இஃதிஸாமீ அப்பெயராலேயே அறியப்படுகின்றார். எனவே பர்வீனும் சுரையாவும் இரு வேறு மொழிகளில் ஒரே விண்மீன் கூட்டத்தின் பெயர்களாகும். இதனைக் கையேடுகளின் வாயிலாக ஒருவர் அறிய இயலாது.

துருக்கியில் இப்பெயர் பெற்ற வாழ்வு தனித்து ஆராயத்தக்கது. அறபில் இது பெண்பாற் சொல். துருக்கி மொழியில் இலக்கணப் பால் இல்லை. அதனால் அங்கே இப்பெயர் ஆண்களுக்கும் பெண்களுக்கும் பொதுவாயிற்று. அத்தாதுர்க்கின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய ஷெவ்கெத் ஸுரெய்யா ஐதெமிர் (1897–1976) ஆண். துருக்கியின் முதற் பெண் வழக்கறிஞராகிய ஸுரெய்யா ஆகாவோலு (1903–1989) பெண். கவிஞர் ஜெமால் ஸுரெயா (1931–1990) தம் புனைபெயரில் இருந்த இரண்டு யகரங்களுள் ஒன்றைப் பந்தயமொன்றில் தோற்றுக் கைவிட்டார் என்பது துருக்கி இலக்கிய உலகில் நன்கறியப்பட்ட செய்தி. ஓரெழுத்தை இழந்த பின்னும் அக்கூட்டம் அவர் பெயரில் ஒளிர்ந்தது.

துருக்கிய மொழிக்கும் இக்கூட்டத்தைக் குறிக்கத் தன் சொந்தச் சொல் உண்டு. அது 'உல்கெர்'. 1072 முதல் 1074 வரை மஹ்மூத் அல்காஷ்கரீ தொகுத்த துருக்கியச் சொற்களஞ்சியத்திலேயே அச்சொல் இடம்பெற்றுள்ளது. மத்திய ஆசியாவின் மேய்ச்சல்நில மக்கள் திங்கள் அக்கூட்டத்தை நெருங்கும் நாட்களைக் கொண்டு குளிர்காலத்தின் போக்கைக் கணித்து வந்தனர். 1928 ஆம் ஆண்டு எழுத்து மாற்றமும், அதனைத் தொடர்ந்து மொழிச் சீர்திருத்தமும் நிகழ்ந்தபோது பழந்துருக்கியச் சொற்கள் பலவும் புதுமதிப்புப் பெற்றன. உல்கெர், விண்மீன் எனப் பொருள்படும் யில்திஸ், விடிவெள்ளியைக் குறிக்கும் சோல்பான் ஆகியவை மக்கட் பெயர்களாக வழங்குகின்றன. நடிகை சோல்பான் இல்ஹான் (1936–2014) இறுதியாகக் கூறிய பெயருக்குரியவர். இன்றும் துருக்கியில் ஸுரெய்யாவும் உல்கெரும் அருகருகே வாழ்கின்றன. ஒன்று அறபு, மற்றொன்று துருக்கி, குறிக்கப்படுவது ஒன்றே. உல்கெர் எனப் பெயர் பெற்றவர் அதனால் முஸ்லிம் அல்லாதவராகக் கருதப்படுவதில்லை.

இவ்விடத்தில் தமிழின் நிலையை நோக்குதல் பொருத்தமாகும். தமிழும் இக்கூட்டத்தைப் பிற மொழியிலிருந்து கடன் வாங்கி அறிந்ததன்று. அறுமீன், ஆரல், எரி என்னும் பெயர்களைப் பழந்தமிழ் வழங்கியது. கார்த்திகை என்னும் பெயர் வடமொழிவழி வந்து நிலைத்தது. அறபியரைப் போன்றே பண்டைத் தமிழரும் வானையும் மழையையும் இணைத்து நோக்கினர். நல்லந்துவனார் பாடிய பரிபாடலின் 11 ஆம் பாடல் கோள்களும் மீன்களும் நின்ற நிலையைக் கூறிய பின்னரே வையையில் புதுப்புனல் வந்தமையைப் பாடுகின்றது. வெள்ளி தென்திசைச் செல்லின் மழை பொய்க்கும் என்னும் கருத்துப் பட்டினப்பாலையின் தொடக்கத்திலேயே உள்ளது. அதே பரிபாடலில் எரி என்னும் பெயரால் கார்த்திகையும், பொதியில் முனிவன் என்னும் பெயரால் அகத்திய மீனும் சுட்டப்படுகின்றன. அகத்திய மீன் எதுவெனின், அறபியர் சுஹைல் என்று அழைத்த அதே தென்வானத்து மீன். தமிழிலக்கண மரபின் ஆதி முனிவராகக் கருதப்படுபவரின் பெயரைத் தாங்கிய விண்மீனையே, கல்முனையில் சுஹைல் எனப் பெயர் பெற்ற ஒவ்வொருவரும் அறபில் தாங்கி நிற்கின்றனர். தை, மாசி மாதங்களின் முன்னிரவில் இக்கரையோரத்து மணலில் நின்று நோக்குவார்க்கு உச்சியை அடுத்து வடக்கே சுரையாவும், தெற்கே தாழ்ந்து சுஹைலும் ஒருங்கே தோன்றும். உமர் இப்னு அபீ றபீஆ கண்ட தொலைவு இங்கும் குறைவதில்லை.

ஆயினும், ஒப்புமையை மட்டும் கூறி வேறுபாட்டை மறைப்பது திறனாய்வுக்கு அழகன்று. தமிழ் இந்துக்களிடையே பிறந்த நட்சத்திரத்தைக் கணித்து, அதற்குரிய எழுத்தில் தொடங்கும் பெயரைத் தேரும் வழக்கம் உண்டு. அங்கே நட்சத்திரம் பிறப்பைக் குறிக்கும் நாளாகவும், வாழ்வின் போக்கைக் காட்டும் குறியாகவும் அமைகின்றது. முஸ்லிம்களின் பெயரிடலில் அக்கணிப்புக்கு இடமில்லை. சுரையா எனப் பெயரிடப்படும் குழந்தை கார்த்திகை நாளில் பிறந்திருக்க வேண்டுவதில்லை. முன்னது நட்சத்திரம் பார்த்துப் பெயரிடுதல். பின்னது நட்சத்திரத்தையே பெயராக இடுதல். முன்னதில் மீன் காரணம். பின்னதில் மீன் உவமை. மேற்குறித்த ஹதீஸ் ஏற்படுத்திய எல்லைக்கோடு இப்பெயரிடலினுள்ளும் செயற்படுகின்றது எனலாம். அவ்வாறே கார்த்திகா என்னும் பெயரின் பின்னால் முருகனைப் பாலூட்டி வளர்த்த அறுவர் கதை நிற்கின்றது; சுரையாவின் பின்னால் அக்கதை இல்லை. குறிக்கப்படும் பொருள் ஒன்றாயினும், உணர்த்தப்படும் பொருள் வேறாகும்.

சுரையா தமிழ் எழுத்துக்குள் புகுந்தபோது நேர்ந்தவையும் கவனத்துக்குரியவை. அறபின் இம்முதலொலிக்குத் தமிழில் எழுத்தில்லை. முற்காலத் தமிழ் முஸ்லிம்கள் அதனைத் தகரமாக்கினர். மூன்றாம் கலீபாவின் பெயர் உதுமான் என வழங்கியமையும், இக்கரையோரத்தில் உதுமாலெப்பை என்னும் பெயர் பரவியமையும் இதற்குச் சான்று. பிற்காலத்தில் உருதுவழி ஒலிப்பு மேலோங்க, உஸ்மான் என்னும் வடிவம் தோன்றியது. இரண்டும் இன்று இரு வேறு பெயர்கள் போல வாழ்கின்றன. அந்நோக்கில் 'சுரையா' என்னும் வடிவமே அப்பெயர் வந்த வழியைக் காட்டிக்கொடுக்கின்றது. அது அறபிலிருந்து நேரே வந்திருப்பின் 'துரையா' என்றே ஒலித்திருக்கும். சகரம் பெற்றமையால் பாரசீகமும் உருதுவும் நடந்த பாதையில் அது வந்ததெனக் கொள்ளலாம். 1929 முதல் 2004 வரை வாழ்ந்த இந்தித் திரைப்பட நடிகையும் பாடகியுமாகிய சுரையாவின் புகழ் தெற்காசியா முழுவதும் இவ்வடிவத்தைச் செவிக்குப் பழக்கப்படுத்தியது. துருக்கியின் ஸுரெய்யாவும் கல்முனையின் சுரையாவும் ஒரே பாரசீகத் தாயின் மக்கள் என்பது ஓரெழுத்தினால் விளங்குகின்றது.

தமிழ்ச் செவிக்கு 'சுரை' என்றதும் சுரைக்காய் நினைவுக்கு வருதல் இயல்பே. பள்ளிப் பருவத்துக் கேலிக்கும் அது இடந்தரலாம். ஆயின் சுரத்தல் என்பது ஊறிப் பெருகுதலையும் வரையாது வழங்குதலையும் குறிக்கும் தமிழ் வினை. சுரை என்பதற்குப் பசுவின் மடி என்னும் பொருளும் உண்டு. வளத்தைக் குறிக்கும் அறபுச் சொல்லும், வளத்தைக் குறிக்கும் தமிழ்ச் சொல்லும் ஒலியால் ஒத்திருத்தல் வியப்பளிப்பதே. எனினும் இவ்வொற்றுமையைக் கொண்டு ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என்று வாதிடுதல் தவறாகும். இரு சொற்களும் வெவ்வேறு வேரின, ஒலியொற்றுமை உறவாகாது. பெயராய்வில் நிகழும் பெரும்பாலான பிழைகள் இத்தகைய ஒற்றுமைகளை வரலாறெனக் கொள்வதாலேயே விளைகின்றன. கேட்போர் உள்ளத்தில் எழும் தற்செயலான இயைபு கவிஞனுக்குப் பயன்படும்; ஆய்வாளனுக்குப் பயன்படாது.

தற்செயலாயினும் இயற்கையில் காரணமுடைய மற்றோர் இயைபு உண்டு. அதுவே இக்கரையோரத்தில் இப்பெயருக்குத் தனிப்பொருள் தருவது. கிழக்கிலங்கைக்கு மழை தருவது வடகீழ்ப் பருவக்காற்று. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மாரி தொடங்கும். சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று வயல்களில் பெரும்போக விதைப்பும் அக்காலத்ததே. அதே கார்த்திகை மாதத்து அந்தியில், முகில் விலகும் வேளையில், கிழக்கே கடலுக்கு மேல் அறுமீன் எழும். அறபு நாட்டில் எந்த நாட்களில் அது விடியலில் மேற்கே மறைகின்றதோ, ஏறத்தாழ அந்நாட்களிலேயே அது இங்கு அந்தியில் கிழக்கே தோன்றுகின்றது. அங்கு முதல் மழையின் காலம். இங்கும் மாரியின் காலம். 'சின்னஞ்சிறு வளத்தாள்' என்னும் பெயரின் மூலப்பொருள் பாலைநிலத்தோடு நின்றுவிடாமல் வயல்நிலத்திலும் உண்மையாகின்றது. மழை தருவது மீன் அன்று என்னும் தெளிவோடும் இதனை உணரலாம். கையேட்டின் ஒற்றைச் சொல் இவ்வுணர்வுக்கு இடமளிப்பதில்லை. பெயரை அது எவ்வானத்துக்கும் உரியதல்லாததாக ஆக்கிவிடுகின்றது.

இவையாவும் வெறும் சொல்லாராய்ச்சி எனச் சிலர் கருதலாம். அவ்வாறன்று. 1980களிலும் 1990களிலும் இக்கரையோரத்தில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே கொலையும் இடப்பெயர்வும் நிகழ்ந்தன. ஒருவர் பெயரைக் கேட்ட அளவிலேயே அவர் எப்பக்கத்தவர் என முடிவுகட்டப்பட்ட ஆண்டுகள் அவை. ஒரே மொழியைப் பேசுவோரை வேறுபடுத்தி அறிதற்குப் பெயரே கைக்கெட்டிய அடையாளமாயிற்று. பெயர் பொருளை இழந்து எல்லைக்கல்லாக மாறுவது இவ்வாறுதான். அடுத்தடுத்த தெருக்களில் வாழும் பர்வீனும் சுரையாவும் கார்த்திகாவும் ஒரே அறுமீனின் பெயரைச் சுமக்கின்றனர் என்பதை அறிவதால் அக்கொடுமைகள் இல்லையென்று ஆகிவிடா, வேறுபாடுகளும் மறைந்துவிடா. மேலே காட்டியவாறு அவ்வேறுபாடுகள் உண்மையானவை. ஆனால் அவை கதையின் வேறுபாடுகளேயன்றி வானத்தின் வேறுபாடுகள் அல்ல. பிறர் பெயரை எல்லைக்கல்லாக அன்றி ஒரு கதையாக வாசிக்கப் பழகுதல் ஒரு சமூகத்துக்கு வேண்டிய வாசிப்புப் பயிற்சியாகும்.

இதனோடு தொடர்புடைய மற்றொரு வினா, முஸ்லிம் பெயரிடலில் தமிழுக்கு இடமுண்டா என்பது. முற்காலத்தில் அவ்விடம் தாராளமாகவே இருந்தது. சின்னலெப்பை, தம்பிலெப்பை முதலிய பெயர்களில் தமிழ் அடையும் சமய மரபும் இயல்பாக இணைந்தன. கிழக்கிலங்கை முஸ்லிம்களின் நாட்டார் பாடல்களைத் தொகுத்த நிந்தவூர் எஸ். முத்துமீரானின் பெயரிலேயே முத்து ஒளிர்கின்றது. உமறுப்புலவர் சீறாப்புராணத்தில் கதீஜாவைக் கதீசா எனத் தமிழொலிக்கு இசைய வழங்கத் தயங்கவில்லை. காலப்போக்கில் இத்தகைய பெயர்கள் நாகரிகமற்றவை என்றும், சமயத் தூய்மை குன்றியவை என்றும் கருதப்பட்டு அருகின. தூய அறபுப் பெயரே இஸ்லாமியப் பெயர் என்னும் எண்ணம் வலுத்தது. சுரையாவின் வரலாறு இவ்வெண்ணத்தை மறுபரிசீலனைக்கு உட்படுத்துகின்றது. இஸ்லாத்துக்கு முந்திய மழை நம்பிக்கையில் பிறந்த பெயரொன்று இஸ்லாமியப் பெயராகத் தூய்மை பெற இயலுமாயின், முத்து என்னும் பெயர் அத்தகுதியை இழப்பது எதனால்? பர்வீன் பாரசீகச் சொல்லாயிருந்தும் முஸ்லிம் பெயராயிற்று. உல்கெர் துருக்கியச் சொல்லாயிருந்தும் முஸ்லிமின் பெயராயிற்று. தமிழ்ச் சொல்லுக்கு மட்டும் கதவு அடைபடுவதற்குச் சமயம் காரணமன்று, பழக்கமே காரணம்.

கதவு முழுவதும் அடைபடவில்லை என்பதற்கு இக்கரையோரத்து இலக்கியமே சான்று. பதிவேட்டில் அறபுப் பெயரைக் கொண்டவர்கள் எழுதத் தொடங்கியபோது தமிழில் தமக்குப் பெயரிட்டுக்கொண்டனர். மருதமுனைச் சிறுகதையாசிரியர் மருதூர்க்கொத்தன், கல்முனைக் கவிஞர் சோலைக்கிளி ஆகியோர் இதற்கு எடுத்துக்காட்டு. அன்பு முகையதீன், அன்புடீன் என்னும் பெயர்களில் தமிழன்பு அறபுப் பெயரோடு ஒரே மூச்சில் ஒலிக்கின்றது. பெற்றோர் இட்ட பெயரையும் தாம் இட்ட பெயரையும் முரணின்றித் தாங்கிய இவர்களின் வழக்கம், பெயரிடல் ஒரு மொழிக்குள் அடைபட வேண்டுவதில்லை என்பதைச் செயலிற் காட்டியுள்ளது. ஆயினும் அவ்வழக்கம் புனைபெயரோடு நின்றுவிட்டது. குழந்தைக்கு இடும் பெயரை அது எட்டவில்லை.

இவ்வாறு கூறுமிடத்துத் துருக்கியை அவ்வாறே பின்பற்ற வேண்டும் என்பது கருத்தன்று. 1934 ஆம் ஆண்டின் குடும்பப்பெயர்ச் சட்டம் பெயரைத் தாய்மொழிக்கு மீட்டது போலவே, துருக்கியரல்லாதோரின் பெயர்மரபுகளை ஒடுக்கவும் செய்தது. ஜெமால் ஸுரெயாவின் குர்திய இனக் குடும்பம் 1938 ஆம் ஆண்டு தன் மண்ணிலிருந்து நாடுகடத்தப்பட்டமை அத்தேசியத்தின் மறுபக்கத்தைக் காட்டும். அரசு ஆணையால் நிகழும் மொழித்தூய்மையும், பழிச்சொல்லுக்கு அஞ்சி நிகழும் சமயத்தூய்மையும் ஒரே தவற்றின் இரு வடிவங்கள். இரண்டும் ஒரு பெயருக்கு ஒரு வழிதான் உண்டு என்று நம்புகின்றன. துருக்கியிலிருந்து கற்கத்தக்கது சட்டம் அன்று. ஸுரெய்யாவும் உல்கெரும் ஒன்றையொன்று விலக்காது ஒரே நாட்டில் வழங்கும் அந்நிலையே. வேதாசலம் 1916 அளவில் மறைமலை ஆனமை தமிழில் நிகழ்ந்த பெயர்மாற்றங்களுள் புகழ்மிக்கது. அங்கும் பழைய பெயரை நீக்கியே புதுப்பெயர் நிலைபெற்றது. நீக்காமற் சேர்த்தல் அதனினும் அரிது. இக்கரையோரத்து எழுத்தாளர் அதனையே செய்தனர்.

எனவே, பெயருக்குப் பொருள் கூறும் நூல் எவ்வாறு அமைதல் வேண்டும் என்பதற்குச் சுரையா ஓர் அளவுகோலைத் தருகின்றது. பெயர் எதனைக் குறிக்கின்றது, எவ்வேரிற் பிறந்தது, எந்நம்பிக்கையைச் சுமந்து எதனை உதறியது, எம்மொழிகளின் வழியாக வந்தது, தமிழில் எவ்வடிவம் பெற்றது, தமிழில் அதற்கு ஈடான சொல் யாது என்னும் ஆறினையும் அந்நூல் கூறவேண்டும். இதற்கு அரைப்பக்கம் போதும். அக்கையேடுகளில் இன்று இல்லாதது இடம் அன்று; இம்மக்கள் தம் பெயர்களின் வரலாற்றை அறியத் தகுதியுடையவர்கள் என்னும் மதிப்பே. கல்முனையில் பிறக்கும் ஒரு பெண்குழந்தைக்குச் சுரையா எனப் பெயரிடுவோர், அறபியரின் மழையையும் பாரசீகரின் ஒலியையும் துருக்கியரின் உறவையும் தமிழரின் அறுமீனையும் ஒருங்கே அவள்பால் ஒப்படைக்கின்றனர். தாம் ஒப்படைப்பது இன்னதென்று அறிந்தே அவர்கள் அதனைச் செய்யுமாறு உதவுதல், தமிழ் பயில்வோருக்கும் அறபு பயில்வோருக்கும் உரிய பொதுக் கடமையாகும்.